சாந்தாமணி பட்டறையில் நிற்காமல் ஏறிய ராடு

சித்திரை இருபத்தைந்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு, கல்லாம்பட்டறை என்கிற ஊரில் சாந்தாமணி ஒரு டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்குகிற ஹைட்ராலிக் சிலிண்டரைப் பழுது பார்த்து முடித்து, அதைத் தன் பட்டறை வாசலில் ஓர் இரும்புத் தட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி, போல்ட்டுகளை முடுக்கி, பம்ப்பை ஓடவிட்டு, வால்வுக் கைப்பிடியைத் தள்ளினாள். சிலிண்டருக்குள்ளிருந்து நாலடி ஏற வேண்டிய இரும்பு ராடு நாலடி ஏறியது. அப்புறம் நாலரை அடி ஏறியது, ஐந்தடி ஏறியது, ஐந்தே முக்கால் அடி ஏறியது. உள்ளே இருந்த ராடின் மொத்த நீளமே நாலரை அடிதான். சாந்தாமணி மோட்டாரை அணைத்தாள், ராடு நின்றது. எண்ணெய் திரும்புகிற வழியைத் திறந்துவிட்டாள். எண்ணெயும் திரும்பவில்லை, ராடும் இறங்கவில்லை. டேப்பை எடுத்து அளந்து, ஐந்தடி ஒன்பது அங்குலம் என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். மறுநாள் காலையில் அளந்தபோது ஆறரை அடி இருந்தது. மோட்டாரை யாரும் தொடவில்லை. அதற்கு மறுநாள் ஏழேகால். நாளைக்கு ஒரு சாண் என்று கணக்கு வைத்துக்கொண்டு அது ஏறத் தொடங்கியிருந்தது.

கல்லாம்பட்டறை, சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் உள்பக்கமாக ஒதுங்கியிருக்கிற ஊர். அந்த ஊர் ஆண்களில் பாதிப்பேர் போர்வெல் வண்டி ஓட்டுகிறவர்கள். மத்தியப் பிரதேசத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போய் யார் யாருடைய வயற்காட்டிலோ பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அங்கே மழை பிடித்து வேலை நின்றதும் ஆனி ஆடியில் ஊர் திரும்புவார்கள். சாந்தாமணியின் புருஷன் அர்த்தநாரியும் அப்படித்தான் போயிருந்தான். அவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். இருபது வருஷமாக அந்த வண்டிகளின் சிலிண்டர்களைப் பிரித்து, ரப்பர் சீல் மாற்றி, எண்ணெய் நிரப்பி, திரும்பப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சிலிண்டரின் சொந்தக்காரர் நாச்சிமுத்து நாலாம் நாள் வந்து சேர்ந்தபோது ராடு கூரையைத் தாண்டியிருந்தது.

"ஏனுங்கம்முணி, என்ற சிலிண்டர் வேலை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க. ஏறிட்டே இருக்குதுங்க."

நாச்சிமுத்து தலையைப் பின்னால் சாய்த்து உச்சியைப் பார்த்தார். "எப்ப நிக்குமுங்க?"

"தெரியலீங்க. நின்னா போன் பண்றனுங்க. அதுவரைக்கும் வேற ஒண்ணு பூட்டித் தர்றேன், அதை வெச்சு ஓட்டிக்குங்க."

"எண்ணெய் ரொம்ப ஆகுதுங்களா?"

"ஒரு சொட்டுக்கூடக் குறையலீங்க."

அப்படியானால் சரி என்று அவர் வேறு சிலிண்டரைப் பூட்டிக்கொண்டு ஜல்லி ஏற்றப் போய்விட்டார். பம்ப்பின் டாங்கில் எண்ணெய் குறையாமல் ராடு ஏறுவது எப்படி என்று சாந்தாமணியும் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தாள். பிரஷர் கேஜின் முள் எண்பது கிலோவில் அசையாமல் நின்றது. அவள் கேஜை நம்புகிறவள். கேஜ் எண்பது என்றால் உள்ளே எண்பதுதான் என்று விட்டுவிட்டாள்.

ஊரும் அதிகம் யோசிக்கவில்லை. வைகாசி பாதியாவதற்குள் அந்த ராடு கல்லாம்பட்டறையின் அன்றாடத்தில் ஒன்றாகிவிட்டது. அதன் நிழல் ரேஷன் கடைப் படியைத் தொட்டால் காலை பத்து என்றும், எதிர்ப்பக்கம் பாவாயக்காவின் பஜ்ஜிக் கடைப் பலகையில் ஏறினால் சாயங்காலம் நாலு என்றும் பழகிக்கொண்டார்கள். நாலு மணி நிழல் பலகையில் விழுந்ததும் பாவாயக்கா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பாள், வாழைக்காய் மணம் தெருவில் பரவும். ராடின் உச்சியில் பின் மாட்டுகிற துளைக்குள் ஒரு மைனா ஜோடி பன்னிரண்டாவது அடியில் கூடு கட்டியது, இருபதாவது அடியில் முட்டையிட்டது, குஞ்சுகள் முப்பத்தெட்டாவது அடியிலிருந்து பறக்கக் கற்றுக்கொண்டன. கல்லாம்பட்டறை மைனாக்கள் மற்ற ஊர் மைனாக்களைவிடத் தைரியசாலிகள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்தார்கள்.

"ராடுல வைக்காதீங்க, அடித்தட்டுல வைங்க" என்றாள் சாந்தாமணி. "மேல பூசியிருக்கிற குரோமுல கீறல் விழுந்தா சீல் கிழிஞ்சுரும், சீல் கிழிஞ்சா எண்ணெய் கசியும்."

அவர்கள் அடித்தட்டில் வைத்தார்கள். சாமிக்கும் சீல் உண்டு என்பது அவர்களுக்கு விநோதமாகப் படவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் ரெஜினா மேரிக்குத்தான் கொஞ்சம் சிரமம். அவருடைய அலுவலகம் பட்டறைக்கு அடுத்த மனை. கட்டடம் என்றால் வரி போட வேண்டும், மரம் என்றால் மரக் கணக்கில் சேர்க்க வேண்டும். வளர்வதால் கட்டடம் இல்லை, இரும்பாக இருப்பதால் மரம் இல்லை. தாலுகா அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். வளர்ந்து முடித்த பிறகு எழுதி அனுப்பச் சொன்னார்கள். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் வந்து சுவரில் சாந்தாமணி எழுதியிருப்பதைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போவார்.

தெருவில் ஒரே ஒரு ஆள் மட்டும் ராடை நிமிர்ந்து பார்ப்பதில்லை. எதிரே லேத்துப் பட்டறை வைத்திருந்த செங்கோட்டுவேலு, சாந்தாமணியின் உடன்பிறந்த அண்ணன். ஆறு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் அவன் ராடு கடைந்து கொடுப்பான், அவள் சிலிண்டரில் பூட்டுவாள். ஒருநாள் அப்படி நாச்சிமுத்துவின் டிப்பரில் பூட்டிக் கொடுத்த ஒரு ராடு, ஜல்லியோடு தொட்டியைத் தூக்கி நிற்கிறபோது கழுத்தில் படக்கென்று முறிந்து, தொட்டி அப்படியே கீழே விழுந்தது. அதுவரை அடியில் குனிந்திருந்த கிளீனர் அப்போதுதான் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போயிருந்ததால் உயிர் தப்பினான். முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பதினைந்து பேர் முன்னால் சாந்தாமணி, "கழுத்துல மூலையைக் கூரா வெட்டி விட்டுட்டீங்க, வளைவு குடுக்கலை, பாரமெல்லாம் அந்த மூலையில போய்ச் சேர்ந்து அங்கிருந்துதான் விரிசல் விட்டிருக்குது" என்றாள். அவன், "நீ பிரஷரை ஏத்தி வெச்சிருப்பே, அதைச் சொல்லு" என்றான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இருபதடி அகலத் தெரு. ஒருவர் பட்டறையில் சுத்தியல் விழுந்தால் அடுத்தவர் பட்டறையில் கேட்கும். ஆறு ஆடி நோம்பிப் பண்டிகை அப்படியே போனது.

ஏழாவது ஆடி பிறந்தது. போர்வெல் வண்டிகள் ஒவ்வொன்றாக வடக்கேயிருந்து திரும்பி வந்து தெருவை அடைத்து நின்றன. அர்த்தநாரியும் வந்து, வண்டியிலிருந்து இறங்கி, ராடை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "போன்ல சொன்னப்போ கொஞ்சம் கூட்டிச் சொல்றேன்னு நெனச்சேன் புள்ள" என்று சொல்லிக் குளிக்கப் போனான். ராடு அன்றைக்கு அறுபதடி. நாலாம் தேதி காலையில் மேற்கேயிருந்து ஆடிக் காற்று இறங்கியது. முதல்முறையாக ராடு ஊளை மாதிரி ஒரு சத்தம் போட்டு, நுனியில் ஒரு முழம் ஆடியது. கூடு காலியாகத்தான் இருந்தது.

சாந்தாமணி சுவரின் முன்னால் உட்கார்ந்து சாக்பீஸால் கணக்குப் போட்டாள். மத்தியானம் ஊரைக் கூப்பிட்டாள். ராடின் அடியில் எல்லோரும் கூடி நின்றபோது, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்து, கட்டைவிரலால் மேலிருந்து அமுக்கிக் காட்டினாள்.

"இது வளையுதுங்களா? வளையலை. இப்ப இதையே முழ நீளத்துக்கு எடுக்கிறேன்." நீளக் குச்சியை அமுக்கியதும் அது வில்லாக வளைந்தது. "ரெண்டும் ஒரே குச்சிதானுங்க. நீளம்தான் வித்தியாசம். இரும்பு நசுங்கிப் போயிரும்னு பயமில்லை, அதுக்குப் பலம் இருக்குது. ஆனா இந்த மூணரை அங்குலக் கம்பி, எழுபது அடியைத் தாண்டிருச்சுன்னா காத்தே வேண்டாம், தன்ற பாரத்துலயே ஒரு பக்கம் வளைஞ்சு மடங்கிரும். மடங்குனா யாரு வீட்டு மேலன்னு என்னால சொல்ல முடியாது. இன்னும் பதிமூணு நாள் இருக்குது."

"அறுத்துப் போட்டுரலாமுங்க" என்றார் ஒரு டிரைவர்.

"அறுத்தா மேல இருக்கிறது எங்க விழும்?" என்றாள் சாந்தாமணி.

பாவாயக்காதான் பேசினாள். "அது அது பாட்டுக்கு நின்னுட்டிருக்குது. அதை எதுக்குச் சாமி அறுக்கறீங்க? நீ சொல்லு சாந்தா, அறுக்காம என்ன பண்ணலாம்?"

சாந்தாமணி நீளக் குச்சியை மறுபடி எடுத்து, நடுவில் இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு, அமுக்கச் சொன்னாள். பாவாயக்கா அமுக்கினாள். குச்சி வளையவில்லை.

"நடுவுல பக்கவாட்டுல போகாமப் புடிச்சா நாலு மடங்கு தாங்குமுங்க. ஒரு வளையம் போட்டு, நாலு பக்கமும் ஒயர் ரோப் கட்டி இழுத்து நிறுத்தணும். ரெண்டு பாதியா இருக்கணும், மேலேயே வெச்சுப் பூட்டற மாதிரி. உள்ள கன்மெட்டல் வெண்கலம் போட்டு வழவழன்னு கடையணும், ராடு அதுக்குள்ள வழுக்கி ஏறணும். நாலு ரோப்புக்கும் நாலு இடத்துல முளை அடிக்கணும்."

முளை அடிக்கிற இடங்களைக் காலால் அளந்து குறித்தார்கள். ஒன்று சாந்தாமணியின் பின்கட்டு, ஒன்று நிர்வாக அலுவலர் அலுவலகத்து முற்றம், ஒன்று பாவாயக்கா கடைக்குப் பக்கத்துக் காலியிடம். நாலாவது, எப்படி அளந்தாலும், செங்கோட்டுவேலுவின் லேத்துப் பட்டறை வாசலில்தான் வந்தது. அவ்வளவு பெரிய வளையத்தைக் கடைகிற லேத்தும் சுற்றுவட்டாரத்தில் அவனிடம் மட்டும்தான் இருந்தது. எல்லோருக்கும் இது தெரியும்; அதனால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

சாந்தாமணி ஒரு தாளில் வளையத்தை அளவோடு வரைந்தாள். வரைந்த தாளை ஊரில் யார் கையிலாவது கொடுத்தனுப்பலாம் என்று அர்த்தநாரி சொன்னான். அவள் கேட்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தெருவைத் தானே தாண்டினாள். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் நிறுத்தவில்லை. தாளை லேத்தின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு நட்டை அதன்மேல் வைத்துவிட்டு, "ஏழு நாள்ல வேணுமுங்ண்ணா" என்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே லேத்தின் சத்தம் மாறியதை அவள் தன் பட்டறையிலிருந்து கேட்டாள். பெரிய இரும்பைக் கடைகிறபோது வருகிற கனத்த சத்தம். ஐந்தாம் நாள் காலையில் செங்கோட்டுவேலு வளையத்தின் ஒரு பாதியை ஒரு தோளிலும் மறுபாதியை மறுதோளிலும் சுமந்துகொண்டு தெருவைத் தாண்டி வந்து, அவள் மேஜையில் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"கை வெச்சுப் பாரு" என்றான்.

சாந்தாமணி உள்பக்கம் விரலை ஓட்டினாள். கன்மெட்டல் வழுவழுவென்றிருந்தது. ரோப்பு மாட்டுகிற காதுகள் வளையத்தோடு சேர்கிற இடத்துக்கு விரல் போனது. அங்கே மூலையே இல்லை. ஒவ்வொரு காதிலும், மேலும் கீழும், குழந்தையின் முழங்கை மடிப்பு மாதிரி வளைத்துக் கடைந்து, அதற்கு மேல் எமரித் தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தான். அவள் எட்டு இடத்திலும் விரலை ஓட்டினாள். எட்டாவது இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"அந்த ராடுலயும் இப்படித்தான் வெட்டியிருக்கோணும்" என்றான் செங்கோட்டுவேலு. "அன்னைக்கு அவசரம். கூரா விட்டது நாந்தான்."

சாந்தாமணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பிறகு, "உக்காருங்ண்ணா" என்றாள். அவன் உட்காரவில்லை. அவள் சொன்னாள்: "பிரஷர் வால்வை நூத்தி அம்பது கிலோவுல வெக்கிறதுன்னு கணக்கு. நாச்சிமுத்துண்ணன் பாரம் கொஞ்சம் அதிகம் ஏத்துவாருன்னு நான் நூத்தி எழுபதுல வெச்சிருந்தேன். தொட்டி விழுந்த அன்னைக்குப் பொழுதோடவே திரும்ப நூத்தி அம்பதுக்கு இறக்கி வெச்சுட்டேன். யாருக்கும் சொல்லலை."

"எனக்குத் தெரியும்" என்றான் அவன். "எதுத்தாப்புலதானே இருக்கிறேன். நீ இறக்கறதைப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீயா சொல்லட்டும்னுதான்."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள், அவனும் உட்கார்ந்தான்.

மறுநாள் அர்த்தநாரி தன் போர்வெல் வண்டியை ராடின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் படுத்திருந்த கோபுரத்தை ஹைட்ராலிக்கில் நிமிர்த்தினான். அது முப்பதடி, ராடில் ஏறக்குறைய பாதி. அதன் உச்சியில் அர்த்தநாரியும் செங்கோட்டுவேலுவும் ஏறி உட்கார்ந்து இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பூட்டினார்கள். கீழேயிருந்து சாந்தாமணி ஒவ்வொரு போல்ட்டுக்கும் எத்தனை சுற்று என்று சத்தம் போட்டாள். நாலு ரோப்பும் நாலு பக்கம் இறங்கின. ஒவ்வொரு முளையிலும் ரோப்பை முடுக்குகிற திருகு ஒன்று. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு ஆள், கையில் ஸ்பேனர். நிர்வாக அலுவலகத்து முளைக்கு ரெஜினா மேரி தானே ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

ஆடி பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்குப் பெருங்காற்று வந்தது. ரேஷன் கடைத் தகரம் பறந்தது, வேப்பமரம் ஒன்று பாதியில் பிளந்தது, ராடு அடிவயிற்றிலிருந்து வருகிற குரலில் பாட ஆரம்பித்தது. வளையத்துக்குக் கீழே ஒரு பக்கமும் மேலே மறுபக்கமும் அது வளைந்து வளைந்து நிமிர்வதை ஊரே தெருவில் உட்கார்ந்து பார்த்தது. யாரும் வீட்டுக்குள் போகவில்லை. சாந்தாமணி நடுவில் நின்று, "மேக்க ஒரு சுத்து முடுக்குங்க, கெழக்க அரைச் சுத்து விடுங்க" என்று கையைக் காட்டிக்கொண்டேயிருந்தாள். மத்தியானம் ஒரு மணி வாக்கில் பாவாயக்கா கடைப் பக்கத்து முளை மண்ணிலிருந்து ஒரு விரல்கடை மேலே வந்தது. பாவாயக்கா அதன்மேல் ஏறி நின்றாள். அவள் மகளும் மருமகளும் ஏறி நின்றார்கள். முளை இன்னும் ஒரு விரல்கடை வந்தது.

"நவுருங்க, நவுருங்க!"

நாச்சிமுத்துவின் டிப்பர் ஜல்லி நிறைய ஏற்றிக்கொண்டு பின்னோக்கி வந்தது. முளையைக் கோத்திருந்த இரும்புச் சட்டத்தின் மேல் பின்சக்கரங்கள் நாலும் ஏறி நின்றன. அவர் பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்துகொண்டார். சட்டம் அசையவில்லை. மூன்று மணிநேரம் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பாவாயக்கா ஜன்னல் வழியாக அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள். நாலு மணிக்குக் காற்று ஓய்ந்தது. ராடு நேராக நின்றது. அந்த ஓசையற்ற நேரத்தில், கேஜின் முள் எண்பதிலிருந்து ஒரு மயிரிழைகூட நகரவில்லை என்று அர்த்தநாரி சத்தமாகப் படித்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து புழுதியைத் தட்டினார்கள், சட்டி அடுப்பில் ஏறியது.

அதற்குப் பிறகும் அது ஏறியது. ஆவணியில் இரண்டாவது வளையத்தை அண்ணனும் தங்கையும் ஒரே தாளில் சேர்ந்து வரைந்தார்கள். ஒருவர் கோடு போட மற்றவர் அழித்தார். இரண்டு மணிநேரம் சண்டை போட்டார்கள், அதைக் கேட்பதற்காகவே தெருவில் நாலு பேர் நின்றார்கள். வளையம் அறுபதாவது அடியில் ஏறியது. தொண்ணூற்று ஒன்றாவது அடியில், எந்த நாள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, ராடு வளர்வதை நிறுத்திக்கொண்டது.

புரட்டாசியில் போர்வெல் வண்டிகள் மறுபடி வடக்கே கிளம்பின. அர்த்தநாரி போய் ஒன்பதாம் நாள், காலை எட்டு மணிக்கு, சாந்தாமணி ஒரு பம்ப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறபோது போன் வந்தது. கை முழுக்க எண்ணெய்; செங்கோட்டுவேலு போனை எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"போபாலைத் தாண்டிட்டோம் புள்ள" என்றான் அர்த்தநாரி. "ஒரு சோயாக் காட்டுல வண்டியை நிறுத்தியிருக்கிறேன். தெக்கப் பாத்தா தெரியுது."

"என்னதுங்க தெரியுது?"

"நம்ம ராடு. வானத்து ஓரத்துல ஊசி மாதிரி, வெயில் பட்டு மினுங்குது. கூட வந்தவிய எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க. காட்டுக்காரர் என்னன்னு கேட்டாரு. எங்க ஊருன்னு சொன்னேன்."

சாந்தாமணி கையிலிருந்த பம்ப்பைக் கீழே வைத்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். "சாஞ்சிருக்குதுங்களா, நேரா நிக்குதுங்களா?"

போனில் காற்று இரைந்தது. அவன் கண்ணை இடுக்கிப் பார்க்கிற நேரம் முழுக்க அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நேராத்தான் புள்ள நிக்குது" என்றான் அர்த்தநாரி.